பெருசா ஒண்ணும் இல்ல மிஸ்

மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் மாணவர்களுக்கான மனநல ஆலோசகராக நான் வேலைக்குச் சேர்ந்தபோது, எனக்குத் தனி அறை உண்டு என்று சொல்லியிருந்தார்கள். முதல் நாள் தலைமையாசிரியை என்னை அழைத்துப் போய்க் கதவைத் திறந்து காட்டினார். ஒரு மேசை, இரண்டு நாற்காலிகள், சத்தம் போடும் ஒரு மின்விசிறி. மிச்ச இடம் முழுக்கக் கிரிக்கெட் மட்டைகள், கேரம் பலகைகள், காற்றுப் போன கால்பந்துகள், எந்த ஆண்டு விழாவிலோ யாரோ ராஜாவாக நடித்தபோது வைத்த அட்டைக் கிரீடம். அது விளையாட்டுச் சாமான்கள் வைக்கும் அறை.

"கொஞ்ச நாளைக்கு அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க" என்றார். வருடக்கணக்கில் அட்ஜஸ்ட் பண்ணிக்கொண்டிருக்கிறேன்.

அதற்கு முன் தி.நகரில் ஒரு கம்பெனியில் வேலைக்கு ஆள் எடுக்கும் பிரிவில் இருந்தேன். நாற்பதை நெருங்கும்போது அஞ்சல் வழியில் உளவியல் படித்து, அதற்கு மேல் பயிற்சியும் எடுத்துக்கொண்டு, பாதிச் சம்பளத்துக்கு இங்கே வந்தேன். வீட்டில் யாரும் எதிர்ப்புச் சொல்லவில்லை. 'பாவம், ஏதோ ஆசைப்படுறா' என்று விட்டுவிட்டார்கள்.

அறையின் உண்மையான சொந்தக்காரர் பி.டி. சார். சிந்தாதிரிப்பேட்டைக்காரர். கழுத்தில் விசில், சட்டைப் பையில் சீப்பு, நடந்தால் தொப்பை முதலில் வந்து சேரும். என்னைப் பார்த்ததும் அவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

"இன்னா மேடம், இங்கியா உக்காரப் போறீங்க? நீங்க யாரோடயோ கதவச் சாத்தி வச்சிக்கினு பேசிக்கினு இருப்பீங்க. பையன் மட்டை எடுக்க வந்தா வெளிய நின்னுக்கினே இருப்பானா?"

நியாயமான கேள்விதான். ஆனால் அவர் கவலைப்பட்டிருக்க வேண்டியதில்லை. கதவில் 'உளவியல் ஆலோசனை மையம்' என்று பலகை மாட்டினார்கள். அன்றிலிருந்து பிள்ளைகள் எதிர்ச்சுவரோடு ஒட்டிக்கொண்டு நடந்தார்கள். 'லூசு ரூம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். முதல் மாதம் என்னைத் தேடி வந்தவர் ஒரே ஒருவர், சயின்ஸ் மிஸ். அவருக்கு மருமகளோடு பிரச்சினை.

பிறகு பி.டி. சாருக்கு கேட்டில் நிற்கும் வேலையும் சேர்ந்து விழுந்தது. ஒருநாள் சாவியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க சும்மாதான் உக்காந்துக்கினு கீறீங்க. விளையாட்டு பீரியட்ல பசங்களுக்கு பந்து, மட்டை எடுத்துக் குடுத்துட்டு திருப்பி வாங்கி வச்சிட்டா எனக்குப் பெரிய ஒத்தாசையா இருக்கும்."

சரியென்றேன். பலகையைக் கழற்றி கேரம் பலகைகளுக்குப் பின்னால் சொருகினேன். பம்ப்பில் ஊசியை மாட்டிப் பந்துக்குக் காற்றடிக்கக் கற்றுக்கொண்டேன். கொஞ்ச நாளில் என் பெயர் 'பந்து மிஸ்' ஆகிவிட்டது.

காற்றடிக்கும்போது ஒருவர் பந்தைப் பிடிக்க வேண்டும், ஒருவர் அழுத்த வேண்டும். இரண்டு பேருக்கும் கண் பந்தின் மேல்தான். முகத்தைப் பார்க்காமல் இருந்தால் பிள்ளைகள் எவ்வளவோ பேசுகிறார்கள். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன், "மிஸ், எனக்கு டிப்ரஷன்" என்றான். எப்போதிலிருந்து என்று கேட்டேன். "நேத்து சாயங்காலத்துலேந்து." அம்மா போனைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறார். இன்னொரு பெண்ணுக்குத் தினமும் இரண்டாவது பீரியடில் தலைசுற்றல். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வருகிறாள் என்பது நான்காவது தடவை பேசும்போதுதான் தெரிந்தது. மேசை இழுப்பறையில் பிஸ்கட் வாங்கி வைக்க ஆரம்பித்தேன். அதில் பாதியை பி.டி. சார் சாப்பிட்டார்.

பதினொன்றாம் வகுப்பு வணிகவியல் பிரிவில் ஒரு பெண் இருந்தாள். நல்ல உயரம், கையில் வலு. த்ரோபாலில் அவள் எறிந்தால் எதிர்ப்பக்கத்துப் பெண்கள் பிடிக்கப் போகாமல் விலகிக்கொள்வார்கள். அதைவிட அவளுக்குப் பெரிய புகழ் ஆசிரியர்களைப் போல நடித்துக் காட்டுவதில். தலைமையாசிரியை மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்ப்பது, கணக்கு சார் சாக்பீஸை உடைப்பது, எல்லாம் செய்வாள். நான் காற்றடிப்பதைக்கூடச் செய்துகாட்டினாளாம். மூச்சு வாங்குவது ரொம்பப் பொருத்தமாக இருந்தது என்று கேள்விப்பட்டேன்.

அவளுடைய அம்மா மந்தைவெளியில் சாலையோரம் மீன் விற்பவர். அப்பா கடலுக்குப் போகிறவர். கடலோரத்தில் இருந்த அவர்கள் குடியிருப்பு பழசாகி இடிக்கப்பட்டு, குடும்பங்கள் ஊரின் தெற்கே வெகுதூரத்தில் அடுக்குமாடிகளுக்குப் போயிருந்தன. இவள் பள்ளியை மாற்ற மாட்டேன் என்று சொல்லி இரண்டு பஸ் மாறி வந்துகொண்டிருந்தாள். இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் முழுதாகத் தெரியவந்தது. அப்போது தெரிந்ததெல்லாம், அந்த வருடம் தீபாவளிக்குப் பிறகு அவள் பந்து வாங்க வருவதில்லை என்பதுதான்.

ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவளுடைய பெஞ்சுத் தோழி வந்து வாசலில் நின்றாள். மந்தைவெளியில் டெய்லர் கடை வைத்திருப்பவரின் மகள். குள்ளமாக, சோடாபுட்டிக் கண்ணாடி போட்டுக்கொண்டு, வாய் ஓயாமல் பேசுகிறவள். அன்றைக்கு வாய் திறக்காமல் நின்றாள்.

"என்ன வேணும்? கேரமா?"

"ஒண்ணும் வேணாம் மிஸ். ஒரு டவுட்டு."

"உள்ள வா."

உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். உட்காரவில்லை. "மிஸ், ஒருத்தங்க ரகசியம்னு சொல்லி சத்தியம் வாங்கிட்டாங்கன்னா, அத்த வெளிய சொன்னா பாவமா?"

"என்ன ரகசியம்ங்கிறதப் பொறுத்தது."

"அவங்களுக்கு எதுனா ஆயிடும்னு இருந்தா?"

"அப்ப சொல்லணும்."

அதற்காகவே காத்திருந்தவள் போல மடமடவென்று கொட்டிவிட்டாள். "அவ த்ரோபால் ஷூவ ஒன்பதாவது படிக்கிற பொண்ணுக்குக் குடுத்துட்டா மிஸ். அவங்கம்மா வாங்கிக் குடுத்த ஷூ, யாரையும் தொடவே விடமாட்டா. கலர் பேனா செட்டு எனக்குக் குடுத்தா. சாப்பாட்ட நாய்க்குப் போடுறா. நேத்து சொல்றா, 'நான் இல்லன்னா நீ முன்னாடி பெஞ்சுல போய் உக்காந்துக்கடி, உனக்குத்தான் போர்டு தெரியாதே'ன்னு. நான் இல்லன்னான்னா இன்னாடி அர்த்தம்னு கேட்டேன். சத்தியம் வாங்கிக்கினு சொன்னா."

சொல்லிவிட்டு அழுதாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "நான் சொன்னேன்னு சொல்லாதீங்க மிஸ்" என்றாள். பிறகு அவளே, "சொன்னாலும் பரவால்ல" என்றாள்.

பயிற்சியில் எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொன்ன ஒரு விஷயம், நேராகக் கேட்க வேண்டும் என்பது. கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக வந்துவிடாது, ஏற்கெனவே இருப்பவர்களுக்கு ஒரு கதவு திறக்கும். வகுப்பில் உட்கார்ந்து கேட்கும்போது எளிதாகத்தான் இருந்தது. ஆனால் நம் வீடுகளில் அந்தச் சொல்லை வாயில் எடுக்க மாட்டோம். 'ஏதாவது பண்ணிக்கிட்டா' என்போம், 'தப்பான முடிவு' என்போம். என் அம்மா அந்தப் பேச்சு வந்தாலே எழுந்து போய் விளக்கேற்றுவார். நானும் அந்த வீட்டில் வளர்ந்தவள்தானே.

அன்று மதியமே அந்த த்ரோபால் பெண்ணை வகுப்பிலிருந்து அழைத்தேன். த்ரோபாலில் காற்றில்லை, பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று காரணம் சொன்னேன். வந்து பந்தைப் பிடித்தாள். மணிக்கட்டு எலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது. கொஞ்ச நேரம் காற்றடித்துவிட்டு நிறுத்தினேன்.

"கொஞ்ச நாளா நீ நல்லா இல்லன்னு எனக்குத் தோணுது. நேராக் கேட்கிறேன். செத்துப்போயிடலாம்னு நினைக்கிறியா?"

என் காதுக்கே அந்த வாக்கியம் பெரிய சத்தமாகக் கேட்டது. அவள் பந்தின் தையலை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். மின்விசிறி கடகடத்தது.

"தோணுது மிஸ்" என்றாள்.

அவள் தோள் கொஞ்சம் தளர்ந்ததைப் பார்த்தேன்.

"எது உன்ன இப்படி நினைக்க வைக்குது?"

"பெருசா ஒண்ணும் இல்ல மிஸ். பெருசா எதுனா இருந்தா சொல்லலாம். எல்லாம் சின்னச் சின்னதா கீது."

சின்னச் சின்னதை ஒவ்வொன்றாகச் சொன்னாள். விடிவதற்கு முன் எழுந்து பஸ் பிடிக்க வேண்டும். முதல் பஸ் தாமதமானால் இரண்டாவது போய்விடும். தாமதமாக வந்தால் வகுப்புக்கு வெளியே நிற்க வேண்டும். ராத்திரி அம்மாவின் மீன் கூடைகளைக் கழுவி வைப்பதால் பஸ்ஸில் ஒரு பெண்மணி எப்போதும் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி உட்காருவார். வகுப்பில் ஒருவன் இவள் உள்ளே வந்தாலே 'கருவாடு' என்பான். முன்பு அதற்கு அவனைப் போலவே நடித்துக்காட்டி எல்லோரையும் சிரிக்க வைப்பாள். இப்போது தெம்பில்லை. புது வீட்டில் ஒன்பதாவது மாடி. பக்கத்தில் யாரையும் தெரியாது. பழைய தெருவில் கூட வளர்ந்த பிள்ளைகள் வேறு வேறு கட்டடத்துக்குப் போய்விட்டார்கள். அப்பா பெரும்பாலும் படகருகிலேயே தங்கிவிடுவார். வந்தால் குடித்துவிட்டுச் சத்தம். பன்னிரண்டாவது முடிந்ததும் மாமாவுக்குக் கட்டிவைத்துவிடலாம் என்று வீட்டில் பேச்சு. மாமா நல்லவர்தான். ஆனால் அவரை அவள் மாமாவாகத்தான் பார்த்திருக்கிறாள்.

"இதுல எத்த மிஸ் போய் சொல்றது? பஸ் லேட்டுன்னு சொன்னா யாரு கேட்பா? எல்லாரும்தான் பஸ்ல வர்றாங்க."

நான் படித்த பாடத்தில் இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைப்பு இருந்தது. தனிமை, கேலி, பசி, இடப்பெயர்வு, வீட்டில் வன்முறை, கட்டாயத் திருமணம். தேர்வுக்கு மனப்பாடம் செய்திருக்கிறேன். அத்தனையும் ஒரே பிள்ளையின் ஒரே நாளுக்குள் உட்கார்ந்திருப்பதை அன்றுதான் கேட்டேன்.

"எனக்கு சாவணும்னே இல்ல மிஸ்" என்றாள் கடைசியில். "கொஞ்ச நாளைக்கு எங்கியும் இல்லாம இருந்தா போதும்னு கீது."

"எங்கிட்ட சொன்னதுக்கு நன்றி. ஆனா இத நான் என்கிட்ட மட்டும் வச்சுக்க முடியாது. உங்கம்மாகிட்ட சொல்லணும். ஆஸ்பத்திரிக்கும் போகணும். ரெண்டுக்கும் நான் கூட வர்றேன்."

"அம்மா வியாபாரத்துல இருக்கும் மிஸ்."

"இருக்கட்டும்."

தலைமையாசிரியையிடம் போய்ச் சொன்னேன். மயிலாப்பூரிலேயே தலைமுறை தலைமுறையாக இருக்கும் குடும்பம் அவருடையது. பள்ளியில் வீட்டுப் பேச்சை வெளியே விட மாட்டார். அன்றைக்கு நான் சொல்லி முடித்ததும், "அந்தக் கொழந்தையவா நான் வாசல்ல நிக்க வச்சிண்டிருந்தேன்" என்றார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. "போயிட்டு வாங்கோ. தனியா மட்டும் விட்டுடாதீங்கோ."

பி.டி. சார் ஆட்டோ பிடித்துக்கொடுத்து, தானும் டிரைவர் பக்கத்தில் பாதி உடம்பை உள்ளேயும் பாதியை வெளியேயுமாக வைத்து உட்கார்ந்துகொண்டார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. வழியெல்லாம் டிரைவரோடு மெட்ரோ வேலைக்காகத் தோண்டிய பள்ளங்களைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார்.

மந்தைவெளியில் அவள் அம்மா சங்கரா மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தார். எதிரில் ஒரு வாடிக்கையாளர் பையோடு நின்றார். மகளையும் எங்களையும் சேர்த்துப் பார்த்ததும் கத்தி நின்றது.

"இன்னா டீச்சர்? இன்னா பண்ணிச்சு? யாரையாச்சும் லவ்வு கிவ்வு பண்ணுதா?"

"அதெல்லாம் இல்லம்மா. கொஞ்சம் தனியாப் பேசணும்."

"இங்கியே சொல்லுங்க. இங்க எல்லாம் நம்ம சனம்தான்."

நம்ம சனம் எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். நான் அவரை ஓரமாக, ஒரு மூடிய கடையின் படிக்கட்டுக்கு அழைத்துப் போய்ச் சொன்னேன். உடம்பு சரியில்லை என்றால் எப்படி டாக்டரிடம் போவோமோ அப்படி இதற்கும் போக வேண்டும் என்றேன். அவர் கடைக்குத் திரும்பிப் போனார். பாதி செதில் எடுத்த மீனைக் கழுவி வாடிக்கையாளரின் பையில் போட்டார். பக்கத்துக் கடைக்காரம்மாவிடம், "யக்கா, மிச்சத்த நீயே பார்த்துக்க" என்றார். சாயங்கால வியாபாரம் தொடங்கும் நேரம் அது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார், மறுபடி கழுவினார். அப்புறம்தான் மகளிடம் வந்தார்.

"எங்கிட்ட சொல்றதுக்கு உனக்கு இன்னாடி?"

"நீ வியாபாரம் முடிச்சு வந்த ஒடனே தூங்கிடுவ மா. நான் எழுந்திரிக்கும்போது நீ லோடு எடுக்கப் போயிருப்ப."

"எழுப்ப வேண்டியதுதான?"

"பாவம்னு உட்டுட்டேன்."

அம்மா மகளின் தலையைத் தன் தோளில் இழுத்துச் சாய்த்துக்கொண்டார். இருவரும் ஒரே உயரம், அதனால் கொஞ்சம் இடித்துக்கொண்டது. பி.டி. சார் எதிர்க்கடையில் நெத்திலி விலை விசாரிக்கப் போய்விட்டார்.

அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு வாசலில் அம்மா தயங்கினார். "இங்க வந்தது வெளிய தெரிஞ்சா நாளைக்கு மெண்டல்னு சொல்லிடுவாங்களே டீச்சர்." உள்ளே பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி அதைக் கேட்டுவிட்டு, "நாங்கல்லாம் இன்னா மெண்டலா? உக்காரும்மா, டோக்கன் இப்பதான் போட்டுக்கினு கீது" என்றார். முறை வருவதற்குள் அம்மாவும் அந்தப் பெண்மணியும் ஊர், பேர், பிள்ளைகள் எல்லாம் பேசி முடித்திருந்தார்கள். அவர் மகனும் பதினொன்றாவதுதான்.

டாக்டர் இளம் பெண். முதலில் அவர் கேட்டது, "இன்னிக்கு என்ன சாப்பிட்ட?" அதிலிருந்து தொடங்கி, என்னை வெளியே அனுப்பிவிட்டு வெகுநேரம் பேசினார். மாத்திரை எழுதினார். வாரா வாரம் வந்து பேச வேண்டும் என்றார். கொஞ்ச நாளைக்கு அவளைத் தனியாக விடக்கூடாது என்றும், வீட்டில் எதையெல்லாம் அப்புறப்படுத்த வேண்டும் என்றும் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அம்மா தலையாட்டிக் கேட்டுக்கொண்டு வந்தார். வெளியே வந்ததும் இரண்டு பேரும் கேன்டீனில் இட்லி சாப்பிட்டார்கள். அவள் முழுசாகச் சாப்பிடவில்லை. அம்மா மிச்சத்தைச் சாப்பிட்டார்.

அதன்பின் நடந்தவை பெரிய காரியங்கள் இல்லை. அவள் சின்னம்மா மந்தைவெளியில் ஒற்றை அறையில் இருந்தார். வாரநாட்களில் அவள் அங்கே தங்கிக்கொள்வது என்று முடிவாயிற்று. அதோடு பஸ் போயிற்று, விடிகாலையும் போயிற்று. தலைமையாசிரியை தாமதமாக வருகிறவர்களை வெளியே நிறுத்தும் வழக்கத்தையே எடுத்துவிட்டார். கணக்கு சார் ஒரு வாரம் முணுமுணுத்தார். 'கருவாடு' என்று சொன்ன பையனை நான் கூப்பிட்டுப் பேசினேன். அவனுக்கு அது இவ்வளவு வலிக்கும் என்று தெரியவே தெரியாதாம். அவள்தான் ஒவ்வொரு தரமும் சிரித்தாளே என்றான். மாமா விஷயத்தை அம்மா ஒரே வரியில் முடித்துவிட்டார். "அவன் கிட்டயே கேட்டேன் டீச்சர். 'யக்கா, அது இன்னும் எங்கிட்ட ஐஸ் வாங்கித் தரச் சொல்லிக்கினு கீது, அத்தப் போய் நான் எப்பிடிக் கட்றது'ன்னான். இத்தினி நாள் எங்க யாருக்கும் அவனக் கேக்கத் தோணல." அப்பா மட்டும் அப்படியேதான் இருந்தார். ஆனால் அவர் சத்தம் போடும் நாட்களில் அவள் அங்கே இல்லை.

சரியாகாமல் போனது தோழிகள் விஷயம்தான். யார் சொன்னது என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. தெரியாமல் எப்படி இருக்கும், சொன்னது ஒரே ஒருத்தியிடம். மறுநாளே பெஞ்சு மாறி உட்கார்ந்தாள். கண்ணாடிக்காரி தினமும் மதியம் என் அறைக்கு வந்து டிபன் பாக்ஸைத் திறக்காமல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

"பேசினாளா?"

"இல்ல மிஸ். நான் பக்கத்துல போனா எழுந்து போயிடுறா."

"கொஞ்ச நாள் ஆகும்."

"பரவால்ல மிஸ். பேசலன்னா பரவால்ல." மூடியை அழுத்தித் திறந்து தயிர்சாதத்தைப் பார்த்தாள். "இருக்கா இல்ல."

அந்தப் பெண்ணுக்கு அப்போது பதினாறு வயது. அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை நான் கேரம் காய்களை எண்ணுவது போலக் குனிந்துகொண்டிருந்தேன்.

பேச்சு திரும்பி வந்தது ஒரு சண்டையில்தான். அரையாண்டுக்கு முன் பொருளியல் நோட்டைத் திருப்பித் தரவில்லை என்று நடைபாதையில் இருவரும் கத்திக்கொண்டார்கள். "உளறுவாயி, உளறுவாயி, எதுனா ஒண்ணு உன் வாயில நிக்குதாடி" என்று இவள் கத்த, "நிக்காது, நிக்காது, இன்னா பண்ணுவ இப்ப" என்று அவள் கத்த, கணக்கு சார் இருவரையும் என்னிடம் அனுப்பிவைத்தார். அறைக்குள் வரும்போது கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வேலையில்லாமல் போயிற்று.

நடிப்பும் திரும்பி வந்தது. அது எப்படி வெளியே தெரிந்தது என்றால், ஒருநாள் நான் அறைக்குள் நுழையும்போது பி.டி. சார் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, அவள் அவருக்கு முன்னால் வெறுங்கையோடு விறைப்பாக நின்றாள்.

"இன்னா மேடம், இது என்ன மாதிரி நடந்து காட்டுதாமே? ஊருக்கே காட்டிக்கினு கீது, எனக்கு மட்டும் காட்ட மாட்டேங்குது."

"சார், வேணாம் சார்."

"நடம்மா."

நடந்தாள். இல்லாத தொப்பையை முன்னால் தள்ளி, இல்லாத சீப்பை எடுத்துத் தலை வாரி, விசிலை வாயில் வைக்க மறந்து ஊதுவது போல உதட்டைக் குவித்து. அவர் முகம் மாறாமல் பார்த்தார். முடிந்ததும் என்னிடம் திரும்பி, "அவ்ளோ தொப்பையா மேடம்?" என்றார். நான் பிஸ்கட் இழுப்பறையைத் திறந்து மூடினேன்.

அந்த வருடம் அவளை த்ரோபால் அணியில் சேர்த்தார். முதல் ஆட்டத்திலேயே தோற்றுத் திரும்பினார்கள். எதிரணிப் பெண்கள் விலகாமல் நின்று பிடித்துவிட்டார்களாம்.

எல்லாம் ஒரே ஏற்றமாகப் போய்விடவில்லை. பன்னிரண்டாம் வகுப்பில், பொதுத்தேர்வுக்குச் சில வாரங்கள் இருக்கையில், ஒரு திங்கட்கிழமை காலை மணி அடிக்கும் முன்பே என் வாசலில் நின்றாள்.

"மிஸ், திரும்ப வந்துக்கீது" என்றாள், காய்ச்சல் வந்ததைச் சொல்வது போல. "ரெண்டு நாளா. அம்மாவ எழுப்பி சொல்லிட்டேன். கீழ நிக்குது. நீங்களும் வர்றீங்களான்னு கேக்கச் சொல்லிச்சு."

மூன்று பேரும் போனோம். டாக்டர் மாத்திரை அளவை மாற்றினார். தேர்வு எழுதினாள். மதிப்பெண் சுமார்தான். நந்தனத்தில் ஒரு கலைக் கல்லூரியில் பி.காம். கிடைத்தது. கண்ணாடிக்காரிக்கு வேறு கல்லூரி. ஆனால் சாயங்காலத்தில் மந்தைவெளி ரயில் நிலையத்துப் படிக்கட்டில் இரண்டு பேரும் வாதாடிக்கொண்டிருப்பதை நான் வீடு திரும்பும்போது பார்த்திருக்கிறேன். என்னைப் பார்த்தால் ஒரு விநாடி நிறுத்திக் கையசைத்துவிட்டுத் தொடர்வார்கள்.

போன தீபாவளிக்கு முந்தைய வாரம் தி.நகரில் ஒரு பெரிய துணிக்கடைக்குப் போயிருந்தேன். மூன்றாவது மாடி, கும்பல், ஒலிபெருக்கி, ஏசியிலும் வியர்வை. கவுண்டருக்குப் பின்னால் கடையின் சீருடைப் புடவையில், கொண்டை போட்டு, உதட்டுச் சாயத்தோடு ஒரு பெண், "வாங்க மேடம், காட்டனா சில்க்கா மேடம்" என்றாள். முகத்தைப் பார்க்க எனக்குச் சிறிது நேரம் பிடித்தது. அவள்தான். சீசனுக்கு மட்டும் பகுதி நேர வேலையாம்.

"சூப்பர்வைசர் பார்த்துக்கினு கீறாரு மிஸ், எதுனா ஒரு புடவையப் பிரிக்கச் சொல்லுங்க" என்று தாழ்ந்த குரலில் சொன்னாள்.

நான் ஒன்றைக் காட்டினேன். அதை விசிறிப் போட்டுக்கொண்டே பேசினாள். அம்மாவுக்கு மூட்டுவலி. சின்னம்மா இருக்கும் அறைக்கு ஓனர் வாடகை ஏற்றிவிட்டார். புள்ளியியல் பேப்பர் ஒன்று பாக்கி. டாக்டரைப் போன மாதம் பார்த்தாளாம், மாத்திரையை மெல்லக் குறைத்து நிறுத்தியாயிற்று, இனி எப்போதாவது வந்து தலையைக் காட்டினால் போதும் என்றாராம்.

"நீ எப்படி இருக்க?"

"கால் வலிக்குது மிஸ். காலையிலேந்து நின்னுக்கினு கீறேன்." யோசித்துவிட்டு, "மத்தபடி நல்லாக்கீறேன்" என்றாள்.

அதற்குள் சூப்பர்வைசர் இந்தப் பக்கம் திரும்பினார். அவள் குரல் சட்டென்று மாறியது. "மேடம், இந்தப் பச்சை உங்க கலருக்கு எடுப்பா இருக்கும் மேடம். இதுக்கு மேட்சா பிளவுஸ் பீஸ் உள்ளயே வருது மேடம்." பச்சை எனக்கு ஆகவே ஆகாது. மறுத்துப் பார்த்தேன். மடித்துப் பையில் போட்டு, பில் போடும் இடத்துக்கு வழியைக் காட்டிவிட்டு, அடுத்து நின்றவரிடம் "வாங்கக்கா" என்று திரும்பிக்கொண்டாள்.